நாதம் யாருடைய சொத்து?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, உயர்தர வகுப்பு மாணவர்களின் பௌதிகவியல் விடைத்தாள்களைத் திருத்தியவாறு முன் விறாந்தையில் அமர்ந்திருந்தேன். திடீரென்று உள்ளறையிலிருந்து ஓர் ஓசை கிளம்பிற்று. மரம் அரியும் வாளின் கரகரப்பும் வெண்கல மணியின் கார்வையும் ஒன்றாய்க் கலந்தாற்போன்ற ஓசை. என் மூத்த மகன் கிற்றார் பழகுகின்றான் என்பது எனக்குத் தெரியும். ரொறன்ரோவிலிருக்கும் அவனுடைய மாமா இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மின்கிற்றார் அனுப்பியிருந்தார். ஆயினும் இத்துணை கனத்த ஓசையை எழுப்பக்கூடிய அம்பிளிபயர் எதுவும் எங்கள் வீட்டில் இல்லை. எனக்குத் தெரியாமல் கடன்பட்டு வாங்கிவிட்டானோ என்ற ஐயத்துடன் எழுந்து சென்றேன்.

மேசைமேல் ஒரு மடிகணினி. அதனோடு தொடுத்த, சவர்க்காரக் கட்டியளவான பெட்டி ஒன்று. இரண்டு சிறிய ஸ்பீக்கர்கள். வேறொன்றுமில்லை.

"எங்கை தம்பி அம்பிளிபயர்?" என்றேன்.

"இதுக்குள்ளைதான் அப்பா. அறுபதுகளிலை லண்டனிலை செய்த மார்ஷல்," என்று கணினித் திரையைத் தொட்டுக் காட்டினான்.

பௌதிகவியல் படிப்பிக்கின்ற ஒருவனுக்கு இவ்விடை போதுமானதன்று. அன்றிரவும் அடுத்து வந்த இரவுகளிலும் இந்த விந்தையைப் பற்றித் தேடித் தேடி வாசித்தேன். அறிவதற்காக வாசிக்கத் தொடங்கியது, சில நாட்களில் என் வீட்டு வழக்கொன்றைத் தீர்ப்பதற்காக வாசிப்பதாயிற்று. அந்த வழக்கையே நேயர்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

மின்கிற்றாரின் உருக்குத் தந்தி அதிரும்பொழுது, அதன் கீழுள்ள காந்தச் சுருளில் மிக நலிந்த மின்னோட்டம் பிறக்கின்றது. அதனைப் பெருக்கி ஸ்பீக்கரை அசையச் செய்வதே அம்பிளிபயரின் தொழில். பாட்டன்மார் வீடுகளில் இருந்த பழைய வால்வு றேடியோவை வாசகர் சிலராவது கண்டிருப்பர். ஆளி போட்டதும் பாடாது, சூடேறிச் செம்மை படர்ந்த பின்னரே பாடும். அத்தகைய வால்வுகளே பழைய கிற்றார் அம்பிளிபயர்களிலும் உள்ளன. வால்வு தாங்கும் அளவுக்கு மேல் சமிக்ஞையைச் செலுத்தினால் அலையின் உச்சி தட்டையாகி, தந்தி எழுப்பாத புதிய மேற்றொனிகள் தோன்றும். பொறியியலாளருக்கு அது திரிபு, குறைபாடு. வாத்தியக்காரருக்கோ அதுவே சுவை. 1964 இல் இங்கிலாந்தின் கிங்ஸ் இசைக்குழுவைச் சேர்ந்த டேவ் டேவிஸ், தம் சிறிய அம்பிளிபயரின் ஸ்பீக்கர்க் கூம்பைச் சவர அலகினால் கீறி, அக்கிழிந்த ஓசையிலேயே ஒரு பாட்டைப் பதிவுசெய்து உலகப் புகழ் பெற்றார். ஆகவே அம்பிளிபயர் ஓசையைப் பெரிதாக்கும் வெறும் பெட்டியன்று. வீணைக்குக் குடம் எவ்வாறோ, மின்கிற்றாருக்கு அம்பிளிபயர் அவ்வாறு.

இந்தப் பெட்டிகளின் குணத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் முயற்சி முப்பது ஆண்டுகளாக நடைபெறுகின்றது. அமெரிக்காவின் லைன் சிக்ஸ் நிறுவனம் 1998 இல் வெளியிட்ட 'பொட்' என்னும் சிறிய சிவப்புக் கருவி அதனைப் பலருக்கும் அறிமுகப்படுத்திற்று. அம்முறையில், பொறியியலாளர் ஒவ்வோர் அம்பிளிபயரின் போக்கையும் ஆராய்ந்து கணிதமாக எழுதினர். 2011 இல் ஜேர்மனியரான கிறிஸ்தோப் கெம்பர் வேறொரு வழியைத் திறந்தார். அவருடைய கருவி பலவகைச் சோதனை ஓசைகளை அம்பிளிபயருக்குள் அனுப்பும். வெளிவரும் ஒலியை மைக் மூலம் கேட்கும். உள்ளே போனதற்கும் வெளியே வந்ததற்கும் உள்ள உறவைக் கணித்து அந்த அம்பிளிபயரின் 'புரொபைல்' ஒன்றை ஆக்கிவிடும். ஒலியச்சு என்று நாம் தமிழில் சொல்லலாம். அதன்பின் அமெரிக்கரான ஸ்டீவன் அட்கின்சன், இதே காரியத்தைக் கணினி நரம்பு வலைப்பின்னல் கொண்டு செய்யும் மென்பொருளை ஆக்கி, எவரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி உலகுக்கு அளித்தார். சில நிமிட ஒலிப்பதிவொன்று போதும். பழகிப் பழகித் தன் பிழையைத் திருத்திக்கொண்டு கணினி அந்த ஓசையைக் கற்றுவிடுகின்றது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். ஒலியச்சை எடுப்பவர் அம்பிளிபயரின் மூடியைத் திறக்கவேண்டியதில்லை. உள்ளே எந்தத் தடை, எந்தக் கொள்ளளவி, எவர் வகுத்த சுற்று என்பதெல்லாம் அவருக்குத் தெரியவேண்டியதுமில்லை. அதேவேளையில் அவருக்குக் கிடைப்பது அம்பிளிபயர் முழுவதுமன்று. குமிழ்கள் எந்த நிலையில் நின்றனவோ அந்த ஒரு நிலையின் அச்சு மட்டுமே கிடைக்கும். குமிழைச் சற்றுத் திருப்பினால் மறுபடி அச்செடுக்கவேண்டும். ஒருவரின் முகத்தைப் படம் பிடிப்பதுபோல் என்று கொள்க. அவர் சிரிக்கும்பொழுது எடுத்த படம் அழமாட்டாது.

ஒலியச்சுகளை விற்பது இன்று ஒரு தொழிலாகிவிட்டது. அரிய பழைய அம்பிளிபயர்களைத் தேடிப் பிடித்து, நல்ல ஒலிப்பதிவுக் கூடத்தில் வைத்து, மைக்கை ஓர் அங்குலம் அப்பாலும் இப்பாலும் நகர்த்தி, பலமுறை அச்செடுத்து, அவற்றுள் சிறந்தவற்றைக் கட்டாக்கி விற்கின்றனர். வாங்கியவர் அதனைக் கொண்டு எத்தனை பாட்டும் பதிவுசெய்யலாம். ஆனால் அந்தக் கட்டைப் பிறருக்குப் பிரதிசெய்து கொடுத்தலாகாது என்பது வழக்கமான நிபந்தனை.

என் மகன் அந்த நிபந்தனையை மீறியிருந்தான்.

மாமாவின் வங்கி அட்டையால் 20 டொலருக்கு ஒரு கட்டை வாங்கியவன், அதனைத் தன் நண்பர் மூவருக்குத் தலைக்கு 1,500 ரூபா வீதம் பிரதிசெய்து கொடுத்திருந்தான். அப்பையன்களுள் ஒருவனின் தந்தை என்னுடன் படிப்பிப்பவர். "உங்கடை மகன் வியாபாரம் தொடங்கிவிட்டான் போல," என்று அவர் ஆசிரியர் அறையில் சிரித்துக்கொண்டு சொன்னபொழுது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலை மகனை அழைத்து, அது களவு என்றேன். அவன் தலைகுனிவான் என்று எதிர்பார்த்தேன். அவன் நிமிர்ந்தே நின்றான்.

"அவையும் ஆற்றையோ அம்பிளிபயரிலையிருந்து எடுத்ததுதானே அப்பா? அதைச் செய்த மனுசனுக்கு ஒரு சதமும் குடுக்கேல்லை. எடுத்தவையிட்டை எடுத்தால் அது களவோ?"

கேள்வி நியாயமானது. யோசித்துச் சொல்கின்றேன் என்று தவணை வாங்கிக்கொண்டேன். ஆசிரியனுக்கு இது அவமானமன்று என்பது என் கொள்கை.

அவன் பெருமையோடு சொன்ன மார்ஷலிலிருந்தே தொடங்கினேன். ஜிம் மார்ஷல் என்பவர் டிறம் வாத்தியக்காரர். மேற்கு லண்டனில் ஹான்வெல் என்னும் இடத்தில் வாத்தியக் கடை வைத்திருந்தார். அமெரிக்க அம்பிளிபயர்களின் விலை எட்டாததாயிருக்கவே, அவை போன்ற ஒன்றை உள்ளூரிற் செய்துதரும்படி கிற்றார் வாசிப்போர் அவரைக் கேட்டனர். அவருடன் வேலைசெய்த கென் பிரானும், டட்லி கிறேவன் என்னும் இளைஞரும், கலிபோர்னியாவின் லியோ பெண்டர் ஆக்கிய 'பாஸ்மன்' அம்பிளிபயரின் சுற்றைப் பெரும்பாலும் அப்படியே பின்பற்றி 1962 இல் முதலாவது மார்ஷலைச் செய்தனர். இங்கிலாந்திற் கிடைத்த உறுப்புகளும் வேறுவகை ஸ்பீக்கர்களும் சேர்ந்ததனால் ஓசை மாறிற்று. மாறிய ஓசை ஒரு தலைமுறையின் இசையையே மாற்றிற்று. பெண்டருந்தான் வெறுங்கையோடு தொடங்கினாரா? வால்வு உற்பத்தியாளர்கள் எல்லோருக்குமாக வெளியிட்ட சுற்றுப்படங்கள் அவருக்கு அடிப்படையாயிருந்தன. ஆக, என் மகனுடைய கணினியிலிருந்த அச்சு ஒரு பிரதியின் பிரதி.

அடுத்து, சட்டம் என்ன சொல்லுகின்றது என்று பார்த்தேன். புதிய பொறிமுறைக்கு வழங்கப்படும் ஆக்கவுரிமை பொதுவாக இருபது ஆண்டுகளில் முடிந்துவிடும். நிறுவனத்தின் பெயரும் இலச்சினையும் வர்த்தகக் குறியாகக் காக்கப்படும். அதனாலேயே கணினி அம்பிளிபயர்கள் பலவற்றில் அசற்பெயரைக் காணமுடியாது. "பிரித்தானிய" என்றோ வேறு சாடையாகவோ ஒரு பெயர் இருக்கும். ஆனால், அம்பிளிபயரின் தொனியைத் தன் சொத்தென்று ஒருவர் வேலியடைப்பதற்குச் சட்டம் எளிதில் இடங்கொடுப்பதில்லை. மனிதக் குரலின் கதை வேறு. பாடகி பெற் மிட்லரின் குரலைப்போலப் பிறரைப் பாடவைத்து மோட்டார்க்கார் விளம்பரத்திற்குப் பயன்படுத்திய வழக்கில், அவர் நட்டம் கேட்டு வழக்காடலாம் என்று அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 1988 இல் தீர்ப்பளித்தது. குரலுக்கு ஆள் உண்டு. பெட்டியின் ஒலிக்கு ஆள் இல்லை என்பதே நிலை.

ஆள் உண்மையில் இல்லையா? அலெக்சாந்தர் டம்பிள் என்னும் அமெரிக்கரின் சரித்திரம் என்னை அதிகம் சிந்திக்கவைத்தது. தனியொருவராகவே அம்பிளிபயர் செய்தவர் அவர். வாழ்நாளில் அவர் செய்தவை ஏறத்தாழ முந்நூறு என்பர். வாசிப்பவரின் கையைக் கேட்டு, அந்தக் கைக்கேற்ப ஒவ்வொன்றையும் இசைவிப்பாராம். ஸ்டீவி றே வோன், கார்லோஸ் சந்தானா போன்றோர் அவற்றை வாசித்தனர். பிறர் தம் சுற்றைப் பார்த்துப் பிரதிசெய்யக்கூடாதென்று உறுப்புகளின்மேல் கல்லாய் இறுகும் பசையை ஊற்றி மூடிவிடுவது அவர் வழக்கம். 2022 இல் அவர் காலமானார். அவருடைய அம்பிளிபயர் ஒன்று இன்று இலட்சம் டொலருக்கு மேலும் விலைபோகின்றது. மூடியைத் திறவாமலே ஓசையைக் கொண்டுபோகும் வித்தை வந்தபின் அந்தப் பசை என்ன செய்யும்? டம்பிளின் ஒலியச்சுகளும் சில டொலருக்குக் கிடைக்கின்றன.

இவற்றையெல்லாம் எண்ணி ஒரு முடிவுக்கு வந்தேன். ஆக்கியவர் மறைந்து, விற்று முடிந்துபோன பழைய கருவியின் அச்சை எடுத்து விற்பவர் யாருடைய பிழைப்பையும் கெடுக்கவில்லை. தம் காதின் பயிற்சியையும் உழைப்பையுமே விற்கின்றார். இன்றும் சிறு பட்டறை வைத்து அம்பிளிபயர் செய்து சீவிக்கும் ஒருவரின் படைப்பை அச்செடுத்து விற்பவர், அவரைக் கேட்டுச் செய்வதே முறை. முடிந்தால் பங்கும் கொடுக்கலாம். பிறர் எழுதிய கணினி அம்பிளிபயரையே மறுபடி அச்செடுத்துப் பரப்புவதும், விலைக்கு வாங்கிய கட்டை அப்படியே பிரதிசெய்து விற்பதும், சட்டத்தின் கண்ணிற் பட்டாலும் படாவிட்டாலும், கூலியை மறுக்கும் செயல்கள். அச்செடுத்தவர் புதிதாக ஒரு வேலை செய்தார். என் மகன் எந்த வேலையும் செய்யவில்லை.

இராச்சாப்பாட்டின்போது இதனை விளக்கினேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு மெதுவாக, "அப்ப உங்கடை நோட்ஸ்?" என்றான்.

மனைவி அவனை அதட்டினாள். நான் கைகழுவ எழுந்துவிட்டேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், நகரிலுள்ள போட்டோக்கொப்பிக் கடையொன்றில் என் பௌதிகவியல் குறிப்புகள் கட்டுக்கட்டாக விற்பனைக்கு இருந்ததைக் கண்டேன். மேலே என் பெயர் இருந்த இடத்தில் வெள்ளைக் கடதாசி வைத்து மறைத்துப் பிரதிசெய்திருந்தார்கள். ஒரு வாரம் நான் அதைப்பற்றியே பேசினேன். என் இரவுகள், என் உழைப்பு என்றெல்லாம் இதே சாப்பாட்டு மேசையில் இருந்து பொருமினேன். மகன் அதை மறக்கவில்லை. அவன் வேறொன்றையும் மறக்கவில்லை: அக்குறிப்புகள் எங்கிருந்து வந்தன என்று நானே ஒருநாள் பெருமையாகச் சொல்லியிருந்ததை.

அன்றிரவு அலுமாரியின் மேற்தட்டிலிருந்து பழைய கொப்பியை எடுத்தேன். 1997. யாழ்ப்பாணத்தில் எல்லா வீடுகளுக்கும் மின்சாரம் திரும்பிவராத காலம். அதற்கு முந்திய ஆண்டுகளில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் றேடியோ கேட்ட பிள்ளைகள் நாங்கள். எங்கள் பௌதிகவியல் மாஸ்டர் தம் குறிப்புக் கொப்பியை எனக்கு விடுமுறைக்கு இரவல் தந்தார். ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் முழுவதையும் கையால் எழுதி எடுத்தேன். மண்ணெண்ணெய்ப் புகை படிந்த தாள்கள் இன்றும் பழுப்பாயிருக்கின்றன. அதிலுள்ள துலாக் கணக்கு, துலாவின்மேல் நடந்துசெல்பவன் எவ்விடத்தை அடையும்பொழுது நீர்நிறைந்த பட்டை மேலெழும் என்ற அந்தத் திருப்புதிறன் கணக்கு, என் அச்சிட்ட குறிப்புகளின் ஒன்பதாம் பக்கத்தில் அப்படியே இருக்கின்றது. இருபது ஆண்டுகளாக நான் பலவற்றைச் சேர்த்திருக்கிறேன், திருத்தியிருக்கிறேன். அவையும் உண்மையான உழைப்பே. ஆனால், முதற்பக்கத்தில் என் பெயர் மட்டுமே இருந்தது. போட்டோக்கொப்பிக் கடைக்காரன் மறைத்தது ஒரு பெயரை. அவனுக்கு முன்பே நான் ஒரு பெயரை மறைத்திருந்தேன்.

ஏகலைவன் கதையை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். துரோணரிடம் கற்க அவனுக்கு இடமில்லை. மண்ணால் அவருடைய உருவைச் செய்துவைத்து அதன்முன் பழகினான். இப்பொழுது நினைத்தால், அதுவும் ஓர் அச்சுத்தான். யாழ்ப்பாணத்துப் பையன் ஒருவன் ஆயிரக்கணக்கான டொலர் பெறும் பழைய மார்ஷலைத் தொட்டுப் பார்ப்பதெங்கே? அவனுக்கும் கிடைத்தது மண்ணுருவம். கட்டைவிரலைக் கேட்ட கொடுமையைப் பேசும் நாம், அதற்கு முன்பு நடந்ததைக் கவனிப்பதில்லை. நீ யார் என்று பாண்டவர்கள் கேட்டபொழுது, துரோணரின் சீடன் என்று ஏகலைவன் சொன்னான். தானே கற்ற வித்தைக்குத் தன் பெயரை மட்டும் சொல்லியிருந்தால் எவர் மறுத்திருக்க முடியும்? அவன் அப்படிச் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகனையும் அழைத்துக்கொண்டு இணுவிலுக்குச் சென்றேன். மாஸ்டருக்கு எண்பது வயதைத் தாண்டிவிட்டது, கண் மங்கிவிட்டது. குறிப்புகளின் ஒரு பிரதியை அவர் கையில் வைத்து, இவற்றில் உங்களுடையவை பல இருக்கின்றன, இதுவரை உங்கள் பெயரைப் போடாதது என் பிழை என்று சொன்னேன். உருப்பெருக்குக் கண்ணாடியை எடுத்துவரச் செய்து, ஒன்பதாம் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"இந்தத் துலாக் கணக்கு என்ரை இல்லைத் தம்பி. எனக்குப் படிப்பிச்ச மாஸ்டற்றை. அவர் ஆரிட்டை எடுத்தவரோ தெரியாது."

"அப்ப ஆற்றை பேரை எழுதுறது சேர்?" என்று என் மகன் இடைமறித்துக் கேட்டான்.

"தெரிஞ்ச பேரை எழுதும். தெரியாததுக்கு, எனக்கு முந்தினவை எண்டு எழுதும்," என்றார் அவர். பிறகு தேநீர் வந்தது. பேச்சு மழையைப் பற்றித் திரும்பிவிட்டது.

வீடு திரும்பும் வழியில் மகன் அதிகம் பேசவில்லை. மறுநாள் நண்பர்களிடம் 4,500 ரூபாவையும் திருப்பிக் கொடுத்தான்; பிரதிகளை அழித்துவிடும்படியும் கேட்டுக்கொண்டான். அழித்தார்களா என்பதை அவனாலும் அறிய முடியாது, என்னாலும் அறிய முடியாது. ஆக்கியவர்களே மனமுவந்து இலவசமாகத் தந்திருக்கும் ஒலியச்சுகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. இப்பொழுது நால்வரும் பெரும்பாலும் அவற்றையே வாசிக்கின்றார்கள். ஒவ்வொன்றிலும் அச்செடுத்தவர் யார், எந்த அம்பிளிபயர், அதை ஆக்கியவர் யார் என்று ஒரு சிறிய கொப்பியில் எழுதி வைத்திருக்கிறான். நான் சொல்லி எழுதியதன்று.

என் குறிப்புகளின் புதிய பதிப்பு வருகின்ற தவணைக்கு அச்சாகின்றது. முதற்பக்கத்தில் மாஸ்டரின் பெயர் இருக்கும். அதன் கீழ் "அவருக்கு முந்தியவர்கள்" என்று ஒரு வரி. அதற்குங் கீழே என் பெயர். அதன்பிறகு எந்தக் கடைக்காரனாவது அந்தப் பக்கத்தை மறைத்துப் பிரதிசெய்தால், அவனோடு பேசுவதற்கு எனக்கு வாய் இருக்கும்.